டிங்கரிங் வேலை தெரிந்த மனிதர்

நேற்று ஒரு நண்பரோடு பேசிக்கொண்டிருந்தபோது பேச்சு கால்பந்துப் பயிற்சியாளர்கள் பக்கம் திரும்பியது. 2016இல் லெஸ்டர் என்ற சின்ன அணிக்கு இங்கிலாந்து லீக் பட்டம் வாங்கித் தந்த இத்தாலியப் பயிற்சியாளர் கிளாடியோ ரானியேரியின் பெயரை நான் சொன்னதும், "அவரா? லெஸ்டரில் ஒரு சீசன் அதிர்ஷ்டம் அடித்தது, அவ்வளவுதானே" என்றார். இதே பேச்சைப் பல வருடமாகப் பலரிடம் கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் கோபம்தான் வருகிறது. அதனால் இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு சொல். லண்டன் அணியான செல்சியில் பயிற்சியாளராக இருந்தபோது இங்கிலாந்துப் பத்திரிகைகள் அவரை 'டிங்கர்மேன்' என்றுதான் அழைத்தன. வாராவாரம் அணியை மாற்றுகிறவர், எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பவர் என்று கேலி. ஆனால் நம் ஊரில் டிங்கரிங் என்றால் என்ன? அடிபட்டு நசுங்கிய வண்டியைப் பட்டறையில் விட்டால், நசுங்கலைத் தட்டி எடுத்து, பெயிண்ட் அடித்து, மறுபடி ரோட்டில் ஓட வைப்பார்களே, அந்த வேலை. கிட்டத்தட்ட நாற்பது வருடம் ரானியேரி செய்தது அதைத்தான். அவர்கள் கேலிக்கு வைத்த பெயர், தமிழில் அவருக்கு அப்படியே பொருந்திவிடுகிறது.

1951இல் ரோமில் பிறந்தவர். அப்பாவுக்கு டெஸ்டாச்சியோ பகுதியில் இறைச்சிக் கடை. சின்ன வயதிலிருந்தே ரோமா கிளப் என்றால் உயிர். தடுப்பாட்டக்காரராக அந்த அணிக்குள் நுழைந்தும் லீக்கில் ஆறு ஆட்டம்தான் கிடைத்தது. அப்புறம் தெற்கே கட்டன்சாரோ என்ற சின்ன ஊர் அணிக்குப் போய் எட்டு வருடம் ஆடினார். பெரிய ஆட்டக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பயிற்சியாளராகப் பெயர் வாங்கியது சார்டீனியா தீவின் கால்யாரி அணியில். 1988இல் அவர் போனபோது அது மூன்றாம் டிவிஷனில் கிடந்தது. இரண்டே வருடத்தில் இரண்டு படி ஏற்றி இத்தாலியின் முதல் டிவிஷனான சீரி ஏவுக்குக் கொண்டுவந்தார். மூன்றாம் வருடம் அங்கேயே நிலைக்கவும் வைத்தார்.

அதன் பிறகு அவர் போன இடங்களைப் பாருங்கள். நேப்பிள்ஸில் மரடோனா போய்விட்ட வெற்றிடம். அங்கே ஜோலா என்ற வீரரை முன்னுக்குக் கொண்டுவந்தார். இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிய ஃபியோரென்டினாவை ஒரே வருடத்தில் மேலே ஏற்றி, 1996இல் இத்தாலியக் கோப்பையையும் வாங்கித் தந்தார். 1999இல் வலென்சியாவுக்கு ஸ்பெயின் மன்னர் கோப்பை. எல்லாமே அடிபட்ட வண்டிகள்தான்.

செல்சி கதையை மட்டும் எல்லோரும் தப்பாகவே சொல்கிறார்கள். அவருக்கு அடுத்த பயிற்சியாளராக மொரீனியோ வந்த பிறகுதான் அங்கே எல்லாம் நடந்தது என்று நினைப்பவர்களுக்கு இது: லாம்பார்டை வெஸ்ட் ஹாமிலிருந்து கொண்டுவந்ததும் இளைஞன் ஜான் டெரியை நம்பி இறக்கியதும் ரானியேரி. 2002-03 சீசனில் கிளப்புக்குக் கடன் கழுத்து வரை. வீரர்களை வாங்கக் காசே இல்லை. அந்த அணியை வைத்துக்கொண்டு கடைசி நாளில் லிவர்பூலை 2-1 என்று வென்று, ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் இடம் பிடித்தார். அதே கோடையில் ரஷ்யக் கோடீஸ்வரர் அப்ரமோவிச் கிளப்பை வாங்கிப் பணத்தோடு வந்தார். வந்த நாளிலிருந்தே வேறு பயிற்சியாளரைத் தேடும் பேச்சு. தலைக்கு மேல் கத்தி தொங்கும்போதே அந்த மனிதர் அணியை லீக்கில் இரண்டாம் இடத்துக்கும், சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்கும் கொண்டுபோனார். மொனாக்கோவில் நடந்த அந்த அரையிறுதியில் தப்புச் செய்தார், அதை நான் மறைக்கவில்லை. ஸ்கோர் 1-1, எதிரணியில் பத்துப் பேர்தான். ஆட்களை மாற்றி மாற்றிக் குழப்பிக்கொண்டு 3-1 என்று தோற்றார். சீசன் முடிந்ததும் வெளியே.

எனக்கு மிகவும் பிடித்த ரானியேரி ஆட்டம் லெஸ்டரில் நடந்ததே இல்லை. 2010 ஏப்ரல் 18, ரோமாவும் அதே ஊரின் இன்னொரு அணியான லாட்சியோவும். முதல் இரண்டு ஆட்டமும் தோற்று, பயிற்சியாளர் ஸ்பாலெட்டி விலகிய ரோமாவை அந்த சீசனில் கையிலெடுத்து, லீக்கில் 24 ஆட்டம் தோற்காமல் ஓட்டி, மிலன் நகரின் இன்டர் அணியைத் தாண்டி முதலிடத்துக்கே வந்துவிட்டார். இந்த ஆட்டத்தில் பாதிநேரத்தில் 1-0 பின்தங்கல். டிரெஸ்ஸிங் ரூமில் அவர் இரண்டு பேரை உட்காரச் சொன்னார். ஒருவர் டோட்டி. இன்னொருவர் டி ரோசி. இருவரும் ரோமிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஒருவர் கேப்டன், மற்றவர் அவருக்கு அடுத்துக் கேப்டனாகப் போகிறவர். ஊர் ஜன்மத்துக்கும் மறக்காத டெர்பி ஆட்டத்தில் இந்த இருவரையும் எடுப்பதை நினைத்துப் பாருங்கள். தோற்றிருந்தால் தன் சொந்த ஊர்த் தெருவில் அவர் நடந்திருக்க முடியாது. இரண்டாம் பாதி தொடங்கியதுமே லாட்சியோவுக்கு பெனால்டி. கீப்பர் ஜூலியோ செர்ஜியோ தடுத்தார். அப்புறம் வுசினிச் இரண்டு கோல். 2-1.

அடுத்த வாரமே சாம்ப்டோரியாவிடம் சொந்த மைதானத்தில் தோற்றார்கள். இரண்டே புள்ளியில் பட்டம் போய்விட்டது. அந்த இரவு எனக்கு இன்னும் ஆறவில்லை. இன்டர் அந்த வருடம் மூன்று கோப்பை வாங்கியதால், துரத்தி வந்தவரை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

இன்டர், மொனாக்கோ எல்லாம் தாண்டி 2014இல் கிரீஸ் தேசிய அணி. நாலு ஆட்டம், ஒரு வெற்றிகூட இல்லை. கடைசியாகச் சொந்த மண்ணில் ஃபாரோ தீவுகளிடம் தோல்வி. மொத்த மக்கள்தொகையே ஐம்பதாயிரம் சொச்சம் உள்ள தீவுகள். உடனே வேலை போனது. நாலு ஆட்டத்துக்கும் சேர்த்துப் பன்னிரண்டு நாள்தான் பயிற்சிக்குக் கிடைத்தது என்று பின்னால் சொன்னார். யார் காதிலும் ஏறவில்லை. 63 வயதில் கதை முடிந்தது என்றுதான் எழுதினார்கள். 2015 ஜூலையில் லெஸ்டர் அவரை எடுத்தபோது, அந்த ஊரில் பிறந்து அதே கிளப்பில் ஆடிய கேரி லினேக்கரே "கிளாடியோ ரானியேரியா? நிஜமாகவா?" என்று கேட்டார்.

சரி, 'அதிர்ஷ்டம்' என்கிறார்களே, அந்த சீசனுக்கு வருவோம். லெஸ்டர் பட்டம் வெல்லும் என்று ஒரு பவுண்டு கட்டினால் ஐயாயிரம் கிடைக்கும் என்ற நிலை. புதிதாக வரும் பயிற்சியாளர்கள் வழக்கமாகப் பழைய ஆட்களை எல்லாம் வெளியேற்றிவிட்டுத் தன் ஆட்களைக் கொண்டுவருவார்கள். ரானியேரி கூட்டி வந்தது இரண்டே பேரை. முந்தைய மேனேஜர் பியர்சனின் உதவியாளர்களை அப்படியே வைத்துக்கொண்டார். முந்தைய சீசன் கடைசியில் கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பிப் பிழைத்த அணிக்குள் ஏதோ நன்றாக ஓடுகிறது என்று கண்டுகொண்டார். ஓடுகிற எஞ்சினைக் கழற்றக் கூடாது என்று தெரிந்த மெக்கானிக் அவர். இத்தாலிய வியூகம் என்றதும் வீரர்கள் மிரள்வதைப் பார்த்து, வியூகப் பேச்சையே குறைத்துக்கொண்டார். வாரத்தில் இரண்டு நாள் கால்பந்தே வேண்டாம் என்று விடுமுறை கொடுத்தார்.

ஆர்சனலிடம் 5-2 என்று தோற்ற பிறகு இரண்டு ஃபுல் பேக்குகளையும், அதாவது ஓரத் தடுப்பாட்டக்காரர்களையும், மாற்றினார். சிம்ப்சனும் ஃபுக்ஸும் வந்தார்கள். அதன் பிறகு பெரிய மாற்றமே கிடையாது. டிங்கர்மேன் என்று கேலி செய்யப்பட்டவர், அந்த வருடம் லீக்கிலேயே அணியை மிகக் குறைவாக மாற்றியவர். கோல் வாங்காமல் ஒரு ஆட்டம் ஆடினால் பீட்சா வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். பத்தாவது ஆட்டத்தில் கிரிஸ்டல் பேலஸை 1-0 என்று வென்றபோது அது நடந்தது. கூட்டிப்போனார். ஆனால் மாவை அவர்களையே தட்டச் சொன்னார். உழைத்துத்தான் சாப்பிட வேண்டுமாம். பிப்ரவரியில் ஆர்சனலிடம் கடைசி நொடியில் தோற்று மனமுடைந்து வந்த அணிக்கு அவர் கொடுத்தது ஒரு வார விடுமுறை. திரும்பி வந்தவர்கள் 1-0, 1-0 என்று வரிசையாக வென்றார்கள். 38 ஆட்டத்தில் தோல்வி மூன்றே மூன்று. இரண்டாம் இடத்து ஆர்சனலைவிடப் பத்துப் புள்ளி அதிகம். பத்து மாதம் இப்படி ஆடுவதற்குப் பெயர் அதிர்ஷ்டமா?

2016 மே 2ஆம் தேதி, அதுவரை துரத்தி வந்த டோட்டன்ஹாமும் செல்சியும் 2-2 என்று டிரா ஆனதில் பட்டம் உறுதியானது. இங்கே நள்ளிரவு தாண்டி இரண்டு மணி இருக்கும். செல்சியின் ஹசார்ட் அடித்த கோலுக்கு நான் கத்திய கத்தில் வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அன்று ரானியேரி எங்கே இருந்தார் தெரியுமா? மதியம் ரோமில், 96 வயது அம்மாவோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்காகவே விமானம் ஏறிப் போயிருந்தார். ஐந்து நாள் கழித்து லெஸ்டர் மைதானத்தில் பொச்செல்லி பாட வந்தார். பார்வையற்ற அந்தப் பாடகரின் பக்கத்திலேயே நின்ற ரானியேரி, ஆரவாரம் அடங்கட்டும் என்று கூட்டத்துக்குக் கையைக் காட்டினார். முப்பதாயிரம் பேர் அமைதியானார்கள்.

ஒன்பது மாதத்தில் அவரை நீக்கினார்கள். 2017இல் அதுவரை லீக்கில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை, நடுக்கள வீரர் கான்டே செல்சிக்குப் போய்விட்டார், கீழ் டிவிஷனுக்கு இறங்கும் ஆபத்து எல்லைக்கு ஒரே ஒரு புள்ளி மேலே. கணக்கு எனக்கும் தெரியும். இருந்தாலும் அது நன்றிகெட்ட செயல் என்றுதான் இன்றும் சொல்வேன். அடுத்த நாள் மொரீனியோ 'சிஆர்' என்று ரானியேரியின் முதலெழுத்துகள் பொறித்த சட்டை போட்டு வந்தார். செல்சியில் இவருடைய இடத்துக்கு வந்த அதே மொரீனியோ.

ஃபுல்ஹாம், வாட்ஃபோர்டு இரண்டிலும் சரியாக அமையவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் 2023 ஜனவரியில், 71 வயதில், மறுபடி கால்யாரிக்குப் போனார். இரண்டாம் டிவிஷனில் 14ஆம் இடத்தில் இருந்த அணி, பிளேஆஃப் இறுதி வரை வந்தது. பாரி நகரில் நிரம்பி வழியும் மைதானம். டிரா ஆனால் பாரிதான் மேலே போகும். கடைசி நிமிடங்களில் பாவொலெட்டியை இறக்கினார். 94ஆம் நிமிடத்தில் அவரே கோல் அடித்தார். பெஞ்சில் ரானியேரி அழுதுகொண்டிருந்தார். அப்போது கால்யாரி ரசிகர்கள் பாரிக்காரர்களைப் பார்த்துக் கிண்டலாகக் கோஷம் போட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்களிடம் போய், வேண்டாம், அவர்களுக்குக் கை தட்டுங்கள் என்று சைகை காட்டினார். அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை.

அடுத்த வருடம் கால்யாரியை சீரி ஏவில் நிலைக்கவைத்துவிட்டு ஓய்வு என்றார். ஆறு மாதம் ஆகவில்லை, ரோமா கூப்பிட்டது. ஒரே சீசனில் இரண்டு பயிற்சியாளர்களை நீக்கி, ரசிகர்களைப் பகைத்துக்கொண்டு, 12ஆம் இடத்தில் கிடந்த ரோமா. போனார். சீரமைக்க ஒரு மாதம் ஆனது. அப்புறம் லீக்கில் 19 ஆட்டம் தோல்வியே இல்லை. ஐந்தாம் இடம், சாம்பியன்ஸ் லீக் ஒரே புள்ளியில் தவறியது. ரோமாவின் பயிற்சியாளராக மூன்று தடவை இருந்தும் லாட்சியோவிடம் அவர் ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

2025 மே மாதம் பயிற்சியாளர் வேலையை முடித்துக்கொண்டு கிளப்பின் ஆலோசகர் ஆனார். சில நாளிலேயே இத்தாலி தேசிய அணி நார்வேயிடம் 3-0 என்று அடி வாங்கியது. ஸ்பாலெட்டியின் வேலை போனது. இத்தாலியக் கால்பந்துச் சம்மேளனம் போய்க் கேட்டது 73 வயது ரானியேரியிடம். ரோமாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி மறுத்துவிட்டார்.