வில்லியனூர் போதுமாம்

அடுத்த மாதச் சுற்றுலாவுக்கான ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுதக் கூடாது என்று மூன்று நாட்கள் பொறுத்திருந்தேன். இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் பார்க்க வேண்டிய பத்து இடங்களைத் திரையில் காட்டிய நண்பரிடம், அங்குள்ள தமிழர் கோயில்களில் ஒன்றுகூட ஏன் இல்லை என்று கேட்டேன். “கோயில் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா, வில்லியனூர் போதாதா?” என்றார், புதுச்சேரிக்குப் பக்கத்துக் கோயில் ஊரைச் சொல்லி. அரங்கமே சிரித்தது. நல்ல நகைச்சுவைதான், விமானச் செலவும் மிச்சம்.

அவர் காட்டியவை தவறு என்று நான் சொல்லவில்லை. 2,632 மீட்டர் உயர எரிமலையைப் பார்க்காமல் யாரும் திரும்ப வேண்டாம். 1977இல் தீக்குழம்பு வாசலோடு நின்று இருபுறமும் பிரிந்தோடிய சேன்த் ரோஸ் மாதா கோயிலைக் கண்டு நானும் வியந்திருக்கிறேன். ஆனால் அந்தக் கோயிலுக்கு இடமுள்ள பட்டியலில், நம் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து தோட்டக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் கட்டிய கோயிலுக்கு இடமில்லை என்பதுதான் என் கேள்வி.

சுற்றுலா செல்பவர் இயற்கையைக் காணத்தானே போகிறார், வரலாறு எதற்கு என்பார்கள். மாஃபாத் பள்ளத்தாக்கை “அமைதியான இடம்” என்று காட்டினார்கள். சாலையே இல்லாத, நடந்தோ ஹெலிகாப்டரிலோ மட்டுமே சேரக்கூடிய அந்த இடம், தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த காடு. அதன் பெயரே அவர்களில் ஒருவருடையது. வனிலாத் தோட்டமும் பட்டியலில் இருந்தது. 1841இல் வனிலாப் பூவைக் கையால் மகரந்தம் சேர்க்கும் எளிய வழியைக் கண்டறிந்த, 12 வயதே ஆன எட்மண்ட் அல்பியுஸ் என்ற அடிமைச் சிறுவன் இல்லை. மனிதர்களைக் கழித்துவிட்டால் அங்கே மிஞ்சும் இயற்கை எது?

என் ஆத்தாவின் பெரிய தாத்தா ஒருவர் “புர்போன் போனவர்” என்று மட்டும் எங்கள் வீட்டில் சொல்வார்கள். அது ரீயூனியனின் பழைய பெயர்; அதற்குமேல் யாருக்கும் தெரியாது. சென்ற ஆண்டு அந்தத் தீவின் சேன் ஆந்த்ரே ஊரில் தீமிதித் திருவிழாவின்போது, அங்கிருந்த பெரியவர் அம்மனைப் “பாண்டியாலே” என்றார். நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் வளர்ந்த எனக்கே அது பாஞ்சாலி என்று பிடிபடச் சிறிது நேரமாயிற்று. பிரெஞ்சு எழுத்தில் எழுதிய நோட்டைப் பார்த்து, பொருள் தெரியாத தமிழில் அவர் பாடினார். ஒரு சொல்லைத் திருத்த வாயெடுத்தேன். எந்த உரிமையில் என்று தோன்றவே மூடிக்கொண்டேன்.

அவை பழமையான கோயில்கள் அல்ல, சிமெண்டுக் கோபுரங்கள் என்றார் ஒருவர். இருக்கட்டும்; கரும்புத் தோட்டக் கூலியில் கருங்கல் கோபுரமா எழுப்புவார்கள்? இது உங்கள் குடும்பக் கதை என்றார் இன்னொருவர். ஆம், குடும்பக் கதைதான். பிரெஞ்சு வீதிப் பெயர்களை மூக்கால் உச்சரித்துப் பெருமைப்படும் நமக்கு, ராமசாமி, வீராசாமி என்ற பெயர்களோடு பிரெஞ்சுக்காரர்களாகிவிட்டவர்கள் மட்டும் எப்படி அயலாராகிவிட்டார்கள்?

புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் சென்ற ஒப்பந்தக் கூலிகளை நோய்க்கு அஞ்சித் தனிமைப்படுத்திய கட்டடம் கிராண்ட் ஷாலூப்பில் இன்றும் நிற்கிறது. அடுத்த மாதம் செல்லும் குழுவின் பேருந்து விமான நிலையத்திலிருந்து மேற்குக் கடற்கரைக்கு அந்த வழியாகத்தான் போகும். பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லி எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.