கிலியன் மர்ஃபி டிவியில் முளைத்தவர் இல்லை

‘பீக்கி பிளைண்டர்ஸ்’ வருவதற்கு முன் ஐரிஷ் நடிகர் கிலியன் மர்ஃபியை யாருக்கும் தெரியாது, அந்த டிவி தொடர்தான் அவரை நடிகராக்கியது என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. தொடர் தொடங்கியது 2013இல். அவரோ 1996இலேயே சொந்த ஊரான, அயர்லாந்தின் கார்க் நகரில், எண்டா வால்ஷ் எழுதிய ‘டிஸ்கோ பிக்ஸ்’ நாடகத்தில் மேடையேறிவிட்டார். சட்டப் படிப்பு அதோடு போச்சு. இரண்டே பேர் நடிக்கும் நாடகம், ஒளிய இடமே கிடையாது. அப்புறம் 2002இல் ‘28 டேஸ் லேட்டர்’ படம், 2005இல் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலனின் பேட்மேன் படத்தில் வில்லன், 2006இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப் பனையை வென்ற, இயக்குநர் கென் லோச்சின் படத்தில் நாயகன். யாருக்கும் தெரியாதவருக்கு இதெல்லாம் கிடைக்குமா? 2011இல் அயர்லாந்தின் கால்வே நகரில் ‘மிஸ்டர்மேன்’ நாடகத்தைத் தனி ஆளாகத் தாங்கினார். தொடர் அவர் புகழைப் பல மடங்கு பெருக்கியது, அதை மறுக்கவில்லை.