செருப்பு உதாரணத்தை விட்டுவிடுங்கள்

இரண்டு துகள்கள் எவ்வளவு தூரம் பிரிந்தாலும் அவற்றை அளந்தால் கிடைக்கும் பதில்கள் ஒன்றோடொன்று தொடர்புபட்டிருப்பதுதான் குவாண்டம் பிணைப்பு. அதை விளக்கும் வீடியோக்களில் தவறாமல் ஒரு ஜோடிச் செருப்பு வந்துவிடுகிறது. ஒவ்வொன்றையும் ஒரு பெட்டியில் போட்டு இரண்டு ஊருக்கு அனுப்புவார்கள். இங்கே திறந்தால் இடது, அப்போது அங்கே இருப்பது வலது. அவ்வளவுதானாம்! 1964-இல் இயற்பியலாளர் ஜான் பெல் நொறுக்கியதே இந்தச் செருப்பைத்தான்.

பரீட்சை ஹாலுக்கு வாருங்கள். இரண்டு மாணவர்கள், இரண்டு ஹால். மூன்று கேள்விகளில் ஏதோ ஒன்றை ஒவ்வொருவரிடமும் கேட்கிறார்கள். பதில் 'ஆம்' அல்லது 'இல்லை'. இருவருக்கும் ஒரே கேள்வி விழுந்தால் எப்போதும் ஒரே பதில். பேசிக்கொள்ள வழியில்லை என்றால் இருவரிடமும் ஒரே பிட் இருக்கிறது என்றுதானே சொல்வோம்? அந்த பிட்தான் மறைமாறி: பெட்டிக்குள் முன்பே இருந்த செருப்பு மாதிரி, நம் கண்ணுக்குத் தெரியாமல் முன்கூட்டியே எழுதிவைத்த பதில்.

சரி, பிட்டில் மூன்று பதில்கள், வகையோ இரண்டுதான். எப்படி எழுதினாலும் ஏதாவது இரண்டு பதில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆகவே வேறு வேறு கேள்வி விழும்போதும் மூன்றில் ஒரு தடவையாவது பதில்கள் பொருந்தியாக வேண்டும். கேள்விகளுக்குப் பதிலாக 0, 60, 120 டிகிரியில் திருப்பிய போலராய்டு (ஒளியை வடிகட்டும் தகடு), மாணவர்களுக்குப் பதிலாகப் பிணைந்த ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்), தகட்டைத் தாண்டினால் 'ஆம்', தாண்டாவிட்டால் 'இல்லை' என்று வைத்தால் குவாண்டம் கணக்கு சொல்வது நான்கில் ஒன்று. எந்த பிட்டை எழுதியும் இவ்வளவு கீழே இறங்க முடியாது. முதன்முதலில் இதைத் தாளில் போட்டுப் பார்த்த அன்று, எங்கோ தப்புப் போட்டுவிட்டோம் என்று மூன்று தடவை அடித்து எழுதினேன்.

இயற்கை குவாண்டம் பக்கம்தான். 1972-இல் ஃப்ரீட்மனும் கிளாசரும் சோதித்துப் பார்த்தார்கள். 1982-இல் ஆஸ்பே குழு, ஃபோட்டான் பறக்கும்போதே கேள்வியை மாற்றியது. 2015-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் வைரத்துக்குள் இருந்த எலக்ட்ரான்களை 245 தடவை அளந்தார்கள். அந்தச் சோதனையில் பொருத்தத்தை எண்ணியது வேறொரு கணக்கில்: அதில் எந்த பிட்டும் 2-ஐத் தாண்ட முடியாது, கிடைத்தது 2.42. 2022 இயற்பியல் நோபல் கிளாசர், ஆஸ்பே, சைலிங்கர் மூவருக்கும்.

இதை வைத்து 'மறைமாறிகள் ஒழிந்தன' என்று எழுதுவதும் எனக்கு ஒப்பவில்லை. ஒழிந்தது, தன் இடத்தில் நடப்பதை மட்டும் பொறுத்து நடக்கும் மறைமாறி. டேவிட் போமின் 1952 கோட்பாட்டில் மறைமாறி உண்டு. ஆனால் தொலைவில் நடப்பது இங்கே உடனே பாதிக்கும் என்று அது ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறது. அதை பெல் தொடவில்லை. அவருக்கே அது பிடித்தமானதுதான்.

இன்னொரு பொந்து மிச்சம். கேள்வித்தாளும் பிட்டும் முன்கூட்டியே பேசிவைத்தவை என்று சொல்லலாம். 2018-இல் வெளிவந்த சோதனையில் தொலைதூர குவேசார்களின் (மிகப் பிரகாசமான விண்மீன் மண்டல மையங்களின்) ஒளியே கேள்வியைத் தேர்ந்தெடுத்தது. அப்படிப் பேசிவைத்திருந்தால் குறைந்தது சுமார் 780 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பேசியிருக்க வேண்டும். தர்க்கப்படி இன்னும் மறுக்க முடியாதுதான். ஆனால் அந்தச் சாக்கை ஏற்றால் மருந்துச் சோதனையில் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதைக்கூட நம்ப முடியாது. நான் ஏற்கவில்லை.