பொறுமை இல்லாதவர்கள் அல்ல ரசிகர்கள்

கலைப்படங்கள் சாதாரண ரசிகனுக்கு ஒத்துவராது என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. பெங்களூரில் நாங்கள் சில தமிழர்கள் அவரவர் வீட்டில் ஒரே படத்தைப் பார்த்துவிட்டு, ஞாயிறு இரவு இணையத்தில் கூடிப் பேசுகிறோம். இயக்குநர் பி.எஸ்.வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' (2024) படம் பற்றிய பேச்சு நள்ளிரவைத் தாண்டியது. பின்னணி இசையே கிடையாது. நாயகியாக வரும் அன்னா பென் ஏறக்குறைய பேசுவதே இல்லை. அந்த மௌனம் பயமா எதிர்ப்பா என்று பெரிய வாக்குவாதம்! எதிர்ப்புதான் என்பது என் கட்சி. சூரியின் பாத்திரம் கடைசியில் என்ன செய்யும் என்பதை நம்மிடமே விட்டதும் சரிதான். அப்புறம், வினோத்ராஜின் முதல் படம் 'கூழாங்கல்' பற்றியும் எழுதுங்கள். 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் அதன் உயரிய விருதான டைகர் விருதை வாங்கியது. ஒன்றேகால் மணி நேரம்தான்.