சுண்ணாம்பு தேடிப் போன கப்பல்

(மட்டக்களப்பு, கல்லடி. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். வாவிப் பக்கமிருந்து காற்று வருகிறது. மாமி விறாந்தையில் பாய் விரித்து, வெற்றிலை வட்டாவை மடியருகே வைத்துக்கொண்டு இருக்கிறார். பக்கத்தில் மூடிய லெப்டொப். மருமகன் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு வருகிறார். கொமினிகேஷன் கடை வைத்திருப்பவர். வயது நாற்பதை நெருங்குகிறது. விண்வெளி நாடகங்கள் என்றால் சோறு வேண்டாம்.)

மருமகன்: மாமி, ஹார்ட் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு போக வந்தேன். நாடகம் எப்படி? நல்ல பகிடியாக இருந்திருக்குமே?

மாமி: பகிடியா? ஒரு தகப்பன், காற்று ஒழுகுகிற கதவை உள்ளேயிருந்து பூட்டிவிட்டு அங்கேயே செத்துப்போனான். கதவுக்கு இந்தப் பக்கம் மகள் நின்று கதறுகிறாள். இதில் உனக்கு எங்கே மனே பகிடி?

மருமகன்: (திடுக்கிட்டு) எந்தக் கதவு? எந்த ஃபோல்டரைத் திறந்தீர்கள்?

மாமி: கடைசியில் இருந்ததை. முதலாவதில் 214 எபிசோட் என்று காட்டியது. எனக்கு அறுபத்தாறு வயது. 214ஐத் தொடங்கினால் முடிப்பது நானா, அதுவா? 40 என்று இருந்ததைத் திறந்தேன்.

மருமகன்: ஐயோ மாமி! அது ஸ்டார்கேட் யுனிவர்ஸ். நான் பார்க்கச் சொன்னது ஸ்டார்கேட் எஸ்ஜி வன். 1997 முதல் 2007 வரை பத்து சீசன் ஓடிய மூத்தவன். அடுத்தவன் அட்லான்டிஸ், 2004இல் பிறந்து 100 எபிசோட். இது 2009 ஒக்டோபரில் வந்த கடைக்குட்டி. குடும்பப் பெயரைக் கெடுத்தவன்.

மாமி: கெடுத்தவனோ என்னவோ, என்னைப் பாயோடு ஒட்ட வைத்துவிட்டான். வந்தவனைப் பாயோடு ஒட்ட வைக்கிற ஊர் என்று மற்றவர்கள் எங்களைச் சொல்வார்கள். எங்களுக்கே ஒருவன் செய்துவிட்டான்.

மருமகன்: உங்களுக்கு எப்படிப் பிடித்தது? ஒரே இருட்டு, ஒரே அழுகை, ஒரே சண்டை. மூத்ததில் ஓ'நீல் என்று ஒரு கேணல். வில்லன் முழங்கால் போடச் சொன்னாலும் நக்கல் அடிப்பான். வேறு கிரகத்துக்குக் கொண்டுபோகிற வட்ட வாசலுக்குள் நாலு பேர் போவார்கள், ஊரைக் காப்பாற்றுவார்கள், இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். இதில்? வாசலுக்குள் போனவர்கள் திரும்பவே முடியாது. எங்கோ கோடிக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு பழைய கப்பல். பொருத்தமில்லாத ஆட்கள். முதல் மூன்று எபிசோட் முழுக்க என்ன செய்தார்கள் சொல்லுங்கள்?

மாமி: சுண்ணாம்பு தேடினார்கள்.

மருமகன்: அதுதான் மாமி! அண்டத்தின் ஓரத்துக்குப் போயும் சுண்ணாம்பு!

மாமி: (டப்பியைத் திறந்து விரலால் தொட்டு, வெற்றிலையில் தடவியபடி) நீ சிரிக்கிறாய். நான் அந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூச்சுவிட்ட காற்றைச் சுத்தம் செய்கிற பெட்டியில் சுண்ணாம்பு முடிந்துவிட்டது. கப்பலே ஒரு மணல் கிரகத்தின் பக்கம் நின்று, 12 மணித்தியாலம் தருகிறேன், போய்ப் பொறுக்கிக்கொண்டு வாருங்கள் என்கிறது. வெயிலில் விழுந்து எழும்பி, காய்ந்த குளத்தடியில் வெள்ளையாக ஒன்றைக் கண்டு அந்தப் பொடியன் அள்ளுகிறான். மனே, வெற்றிலை, பாக்கு எல்லாம் வைத்துக்கொண்டு சுண்ணாம்பு இல்லாமல் இருந்த ஒருவருக்குத்தான் அந்த வேதனை தெரியும். நான் கைதட்டிவிட்டேன். அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

மருமகன்: அவர்கள் வெற்றிலை போடவில்லை மாமி. அது கரியமிலவாயுவைப் பிடிப்பதற்கு.

மாமி: எதற்கோ. சுண்ணாம்பு சுண்ணாம்புதானே. இரவல் கேட்கப் பக்கத்து வீடு இல்லை, அதுதான் அங்கே பிரச்சினை.

(மருமகன் படியில் உட்காருகிறார். சீக்கிரம் போகிற எண்ணத்தோடு வந்தவர். இனி அது நடக்காது.)

மருமகன்: சரி, ஆங்கிலம் உங்களுக்கு எப்படி விளங்கியது?

மாமி: மகள் பக்கத்திலிருந்து சொன்னாள். பாதியில் அவள் தூங்கிவிட்டாள். மறுகா நான் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டேன். உன்னுடைய மூத்ததைப் போன கிழமை நீ போட்டபோது, வெடிச் சத்தத்தில் யார் முகமும் நினைவில் நிற்கவில்லை. இதில் கமெரா முகத்தை விட்டு நகராது. அந்தத் தாடிக்காரன், டொக்டர் ரஷ், ஒரு பொய் சொல்லுமுன் கண்ணாடியைக் கழற்றுவான். எனக்கு ஆங்கிலம் எதற்கு?

மருமகன்: ரொபர்ட் கார்லைல். ஸ்கொட்லாந்துக்காரர். நல்ல நடிகர்தான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவர் நல்லவரா கெட்டவரா? நாற்பது எபிசோட் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அதுதான் கோபம். கமெராவைக் கையில் பிடித்து ஆட்டுவது, எல்லோரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவது, கடைசியில் சோகப் பாட்டு. 2004 முதல் 2009 வரை பெட்டில்ஸ்டார் கலக்டிகா ஓடியதே, அதைப் பார்த்துக் கொப்பி அடித்தது என்று சொன்னவர்கள் நிறையப் பேர்.

மாமி: என் அப்பா கூத்துப் பழக்கி ஆட்டுவித்த அண்ணாவியார். உனக்குத் தெரியும். கூத்தில் ஆள் களரிக்கு வரும்போதே வரவுப் பாட்டோடு வருவான். நான் இன்ன ராசன், இன்ன நாடு, இப்படி வாள் பிடிப்பேன் என்று ஆடித்தான் வருவான். உன்னுடைய மூத்தது வடமோடிக் கூத்து. சண்டை, வீரம், துள்ளல். இந்த ரஷ் வரவுப் பாட்டு இல்லாமல் களரிக்குள் நுழைந்தவன். அதனால்தான் கண்ணை எடுக்க முடியவில்லை.

மருமகன்: அப்படியானால் இது மற்ற வகைக் கூத்தா, தென்மோடியா?

மாமி: தென்மோடியும் இல்லை. இது உடுப்பு மாற்றுகிற அறை. ராசாவும் மந்திரியும் முடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தேத்தண்ணிக்குச் சண்டை பிடிக்கிற இடம். அதைத்தான் இவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

மருமகன்: மக்கள் டிக்கெட் எடுப்பது கூத்துப் பார்க்க. உடுப்பு மாற்றுவதைப் பார்க்க இல்லை.

மாமி: கூத்துக்கு ஏது டிக்கெட்? (கோளாம்பியை இழுத்து) கேள் மனே. 2004 சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் இருந்தோமே. ஒரு வகுப்பறை, ஒன்பது குடும்பம். முதல் நாள் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதோம். இரண்டாம் நாள் இருந்ததைப் பங்கு போட்டோம். மூன்றாம் நாள்?

மருமகன்: (தயங்கி) வாளி.

மாமி: வாளி! மஞ்சள் வாளி. குடிக்கிற தண்ணீருக்கு என்று வைத்ததை உன் அம்மா, என் மச்சாள், பிள்ளைகளின் உடுப்பு தோய்க்க எடுத்தா. அந்த அறையில் ஒருவராவது வீர வசனம் பேசினார்களா? ஒருவராவது நக்கல் அடித்து உலகத்தைக் காப்பாற்றினார்களா? ஒன்பது நாள் உன் அம்மா என்னோடு கதைக்கவில்லை.

மருமகன்: நீங்கள்தான் கதைக்கவில்லை என்று அம்மா சொல்கிறா.

மாமி: சொல்லுவா. அந்தக் கப்பலில் தண்ணீர் குறைகிற எபிசோட் ஒன்று வந்தது. தண்ணீர் எடுத்தது யார் என்று ஆளை ஆள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதை நான் அந்த வகுப்பறையில் பார்த்திருக்கிறேன். பார்த்தும் இருக்கிறேன், பார்க்கப்பட்டும் இருக்கிறேன்.

மருமகன்: அதில் கடைசியில் தண்ணீர் எடுத்தது ஒரு பூச்சிக் கூட்டம் மாமி.

மாமி: எங்களுடையதில் உன் அம்மா.

மருமகன்: (மெதுவாக) அந்த வாளி இன்னும் எங்கள் கிணற்றடியில்தான் கிடக்கிறது.

மாமி: தெரியும்.

(ஒரு சிறு மௌனம். மேலே காகம் கத்துகிறது. இந்த வாளி விஷயத்தில் எழுதுகிறவர் எந்தப் பக்கமும் இல்லை. இரண்டு வீட்டிலும் சாப்பிட்டிருக்கிறார்.)

மருமகன்: சரி, இருட்டு எபிசோட்? கப்பலில் கரண்ட் முடிந்து எல்லாம் அணைந்துவிடுமே. ஒரு முழு எபிசோட் இருட்டில் உட்கார்ந்திருப்பது ஒரு கதையா?

மாமி: 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது நாங்கள் என்ன ஆடினோமா, பாடினோமா? இருட்டில்தான் உட்கார்ந்திருந்தோம். கதையும் அப்போதுதான் வந்தது. யார் யாருக்குக் கடன் என்பது அந்த இருட்டில்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் ஒன்று, அந்தக் கப்பலைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். நேரே சூரியனுக்குள் பாய்ந்து தானே எண்ணெய் நிரப்பிக்கொண்டு வெளியே வந்தது. பெற்றோல் வரிசையும் இல்லை, கியூஆர் கோட்டும் இல்லை.

மருமகன்: அதற்கு முன்னால் சாகப்போகிறோம் என்று நினைத்து, சின்னக் கப்பலில் தப்பிப் போக ஆள் எடுத்தார்களே.

மாமி: சீட்டுக் குலுக்கி! சீட்டு விழுந்தவர்கள் மற்றவர்களைக் கட்டிப்பிடித்து விடைபெற்றுக்கொண்டு போனார்கள். மறுகா பார்த்தால் விழாதவர்கள் சொகுசாகத் தப்பிவிட்டார்கள். விழுந்தவர்கள் விட்ட பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி பின்னால் ஓடிவந்தார்கள். (சிரிக்கிறார்) பகிடி இல்லை என்றாயே, இதைவிட என்ன பகிடி வேண்டும்?

மருமகன்: அந்தக் கல் விவகாரத்தையாவது ஒத்துக்கொள்ளுங்கள். கல்லைத் தொட்டால் பூமியிலுள்ள ஒருவரோடு உடம்பு மாறும். விண்வெளி நாடகத்தில் குடும்பச் சண்டையைக் கொண்டுவருவதற்கு ஒரு சாட்டு.

மாமி: அதைச் சொல்லாதே, எனக்கு வயிறு எரிகிறது. கப்பலுக்குப் பொறுப்பான கேணல் யங் வேறொருவன் உடம்போடு பெண்சாதியைப் பார்க்கப் போகிறான். அவளுக்கு முன்னால் நிற்கிற முகம் ஒன்று, ஆள் இன்னொன்று. எங்கள் ஊரில் அந்தக் கல் இருந்தால் பாங்கு வரிசைக்குத்தான் பாவித்திருப்போம். இவர்கள் குடும்பத்தைக் குலைத்துக்கொண்டார்கள். கப்பலுக்கு என்ன பெயர் என்றாய்?

மருமகன்: டெஸ்டினி. தமிழில் விதி.

மாமி: நல்லது. எங்கள் பஸ்களில் கடவுள் துணை என்று எழுதியிருக்கும். இவர்கள் விதி என்று எழுதிய வண்டியில் ஏறிவிட்டு அழுகிறார்கள்.

மருமகன்: அந்தக் கேணல் ரஷை அடித்துப்போட்டு, பாறைக் கிரகத்தில் விட்டுவிட்டு வந்து, ஆள் போய்விட்டான் என்று பொய் சொன்னாரே. அதையும் நியாயப்படுத்துவீர்களா?

மாமி: நியாயம் இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு இருவரையும் பிடித்தது, இருவருக்கும் ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலவும் இருந்தது. சொந்தக்காரர்கள்மேல் வருகிற கோபம் அது. ஒரு சந்தேகம் மனே. உனக்குப் பிடிக்காத நாடகம் என்கிறாய். ஆனால் தண்ணீர், கல், பாறை எல்லாம் வரிசையாகச் சொல்கிறாய். எத்தனை தரம் பார்த்தாய்?

மருமகன்: (சைக்கிளைப் பார்க்கிறார்) மூன்று.

மாமி: பிடிக்காததை மூன்று தரமா?

மருமகன்: முதல் தரம் மூத்தவனோடு ஒப்பிட்டுத் திட்டுவதற்கு. இரண்டாம் தரம் சரியாகத் திட்டினேனா என்று பார்ப்பதற்கு.

மாமி: மூன்றாம் தரம்?

மருமகன்: அது… சும்மா.

மாமி: ம்ம். சரி, நீ வந்தது நல்லதாகப் போயிற்று. நேற்று இரவு நாற்பதாவதும் முடிந்தது. எல்லோரும் குளிர்ப் பெட்டிக்குள் படுத்துவிட்டார்கள், மூன்று வருடத்துக்கு. ஒரு பெட்டி பழுது. ஈலாய்ப் பொடியன், வீடியோ கேமில் கணக்குச் செய்து வந்தானே, அவன் மட்டும் வெளியே. இரண்டு கிழமைக்குள் அந்தப் பெட்டியைத் திருத்த வேண்டும். கண்ணாடி வழியாக வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். லைட் ஒவ்வொன்றாக அணைகிறது. நாற்பத்தோராவதை எங்கே வைத்திருக்கிறாய்?

மருமகன்: (எழும்புகிறார்) மாமி, கடையைப் பூட்டாமல் வந்துவிட்டேன்.

மாமி: இன்றைக்கு ஞாயிறு. உன் கடை திறக்கவே இல்லை. எங்கே?

மருமகன்: இல்லை மாமி. நாற்பதோடு சரி. இரண்டாவது சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 2010 டிசம்பரில், இனி வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். பார்க்கிற ஆட்கள் குறைந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை போட்டுக்கொண்டிருந்ததை இரண்டாவது சீசனில் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றினார்கள்…

மாமி: என்ன கிழமைக்கு?

மருமகன்: செவ்வாய்.

மாமி: வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டுச் செவ்வாய்க்கிழமையா? அந்த நாட்டில் கேட்க ஒரு பெரிய மனுசர் இல்லையா? (கை நடுங்குகிறது) அப்போது அந்தப் பொடியன்?

மருமகன்: அப்படியே நிற்கிறான். 2011 மே மாதத்திலிருந்து.

மாமி: மங்களம் பாடாமல் கூத்தை நிறுத்திவிட்டார்களா! அப்பா காலத்தில் மழைக்குக் களரி கலைந்தால்கூட ஒரு வரி மங்களம் பாடிவிட்டுத்தான் உடுப்பைக் கழற்றுவார்கள். இதை எங்கே எடுத்தார்கள்?

மருமகன்: கனடாவில். வான்கூவர் பக்கம்.

மாமி: கனடாவா? முதலே சொல்லியிருக்கலாமே. என் தம்பியின் மகன் டொரன்டோவில்தானே இருக்கிறான். போனை எடு.

மருமகன்: மாமி, டொரன்டோவிலிருந்து வான்கூவருக்கு றோட்டால் போனால் 4,000 கிலோமீட்டருக்கு மேலே! அங்கே இப்போது விடிந்தும் இருக்காது!

மாமி: (போனைக் காதில் வைத்தாயிற்று) ஹலோ, மனே… நான் அத்தை… இல்லையில்லை, ஒருவருக்கும் ஒன்றும் இல்லை, எல்லோரும் சுகம்… எழும்பி இரு, தண்ணீர் குடி… ஒரு பொடியன் அங்கே தனியே நிற்கிறான், ஈலாய் என்று பெயர்…