இரவு பத்தரைக்கு வரும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதும் பிள்ளைகள் இப்போது ஊருக்குச் சிலராவது இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். "மழையில் நனைய வேண்டாம், அட்டை கடிக்காது, உட்கார்ந்து செய்கிற வேலை" என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வேலை எத்தனை மணிக்கு முடிகிறது என்று யாரும் கேட்பதில்லை.

நிரல் எழுதுவது திரையில் நடக்கும் வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். திரையில் தெரிவது சில பத்து வரிகள்தான். எந்தத் தரவு எங்கே மாறுகிறது, ஓரிடத்தில் கை வைத்தால் வேறெங்கே உடையும் என்பதையெல்லாம் தலைக்குள்தான் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். மடிகணினியை மூடலாம், தலைக்குள் கட்டியிருப்பதை மூட முடியாது. சாப்பிடும்போது அம்மா ஏதோ கேட்பார், நான் "ம்" கொட்டுவேன். என்ன கேட்டார் என்பது காதிலேயே விழுந்திருக்காது.

பிறகு தூக்கம். எனக்கு அடிக்கடி வரும் கனவு இது. தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் பெண்கள் கூடையோடு வரிசையில் நிற்கிறார்கள். எடையைக் குறிப்பது நான் எழுதிய நிரல். கணினியில் வரிசை பெரும்பாலும் பூச்சியத்திலிருந்து எண்ணப்படும். ஒன்றிலிருந்து தொடங்கினால் முதலில் நிற்பவர் விடுபட்டுப்போவார். கனவில் அதைத் திருத்துகிறேன், கடைசியில் நிற்பவர் விடுபடுகிறார். அதையும் திருத்தினால் நடுவில் ஒருவருக்கு இரண்டு முறை எடை விழுகிறது. கடைசியில் நிற்பது அம்மா. விழித்து எழும்போது தாடை வலிக்கும், இரவு முழுக்கப் பல்லைக் கடித்திருப்பேன்.

இது நிரலாளர்களுக்கு மட்டும் வரும் கேடு இல்லை. அம்மா தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். இன்றும் தூக்கத்தில் அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போர்வை நுனியைக் கிள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஹாவர்ட் மருத்துவக் கல்லூரியின் ராபர்ட் ஸ்டிக்கோல்டும் குழுவினரும் 2000ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் காட்டுகிறது. 27 பேரை, மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டை விளையாட வைத்து, கண் அயரும் தறுவாயில் என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். பலருக்கும் கட்டங்கள் விழுவது தெரிந்தது. அந்த 27 பேரில் ஐவர் கடுமையான மறதி நோயாளிகள். விளையாடியதே நினைவில் இல்லாத அந்த ஐவரில் மூவருக்கும் கட்டங்கள் விழுந்தன! நாள் முழுதும் செய்ததை மூளை இரவில் திரும்ப ஓட்டிப் பார்ப்பது அதன் இயல்பு. அதோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை வேறு இடத்தில். அம்மாவின் வேலை கொடுமையானது, கூலியோ அற்பம், அதை நான் அழகாக்கிப் பேச மாட்டேன். ஆனால் மாலையில் கணக்குப்பிள்ளை எடையைக் குறித்துப் பேர் போட்டுவிட்டால் அன்றைய கொழுந்து அன்றோடு சரி. எங்களுக்கு அப்படி ஒரு தராசு இல்லை. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் என்கிறது. அது நாற்காலியில் இருக்கும் நேரத்தைத்தான் எண்ணும். திருத்தம் பாதியில் நிற்கும் வழு (நிரல் பிழை) ஒன்றைத் தலையணைக்குக் கொண்டுபோன நேரத்தை எந்தச் சட்டமும் எண்ணாது.

லண்டன் நிறுவனத்துக்கு வேலை செய்பவர்களின் நிலையைப் பாருங்கள். அங்கே மாலை 5 மணிக்கு மேசையைத் துப்புரவு செய்துவிட்டுக் கிளம்புமுன், மனதில் மிச்சமிருக்கும் கேள்விகளையெல்லாம் தட்டி அனுப்பிவிடுவார்கள். குளிர்காலத்தில் நமக்கு அது இரவு 10.30, கோடையில் 9.30. அவர்கள் தலையை இறக்கி வைக்கும் நேரத்தில் அந்தப் பாரம் நம் தலையில் ஏறுகிறது. லயன் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் அறையில், படுக்கையும் மேசையும் ஒரே அறைக்குள் என்றால் சொல்லவே வேண்டாம்.

"கனவிலேயே விடை கிடைத்துவிட்டது" என்று பெருமைப்படும் நண்பர்கள் ஜெர்மானிய வேதியியலாளர் கெக்குலேயை இழுப்பார்கள். தன் வாலைத் தானே கவ்விய பாம்பைக் கனவில் கண்டுதான் பென்சீனின் வளைய வடிவம் புலப்பட்டதாக, 1890இல் பெர்லினில் நடந்த விழாவில் அவரே சொன்னார். எனக்கும் காலையில் எழுந்ததும் விடை பளிச்சென்று வந்ததுண்டு. அதெல்லாம் நிம்மதியாகத் தூங்கிய இரவுகளின் மறுநாள். பதறிக்கொண்டு படுத்த இரவுகள் எனக்கு ஒன்றும் தந்ததில்லை.

இப்போது படுக்குமுன் ஒரு கொப்பியில் மறுநாள் செய்ய வேண்டியதை எழுதி வைக்கிறேன். எந்தக் கோப்பு, எந்த வரி, முதலில் எதைச் சோதிப்பது என்று விவரமாக. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கலினும் குழுவினரும் நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. இப்படி 5 நிமிடம் எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எனக்கும் பலன் தெரிகிறது. ஆனால் எழுதி மூடிய கொப்பியைத் தாண்டி வந்து விழும் செய்திக்குக் கொப்பி என்ன செய்யும்?

அதனால் அணித் தலைவர்களாக இருக்கும் நம்மவர்களிடம் கேட்கிறேன். உங்களுக்குக் கீழே பசறையிலோ மஸ்கெலியாவிலோ ஒரு தம்பியோ தங்கச்சியோ இருக்கிறாள். அந்தக் கேள்வியை இரவில் அனுப்பாதீர்கள். லண்டன்காரர்களிடமும் பேசுங்கள், அவர்கள் பொல்லாதவர்கள் அல்லர், நம் மணி என்ன என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அங்கே காலை 9 மணி என்றால் குளிர்காலத்தில் இங்கே பிற்பகல் 2.30. அந்த நேரத்தில் எத்தனை கேள்வி வந்தாலும் நாங்கள் பதில் சொல்லத் தயார்.