திரும்பிப் போகாத கேமரா

கட்டடங்களைப் பற்றிய தொலைக்காட்சி ஆவணப்படம் என்றாலே அந்தி வெளிச்சத்தில் மிதக்கும் ட்ரோன் காட்சி, பின்னணியில் பியானோ, தன் படைப்பைத் தானே வியந்துகொள்ளும் கட்டடக் கலைஞர் என்று ஒரு வாய்பாடு நிலைத்துவிட்டது. பிரெஞ்சு-ஜெர்மன் கலாச்சார அலைவரிசையான ஆர்ட்டே தொலைக்காட்சிக்காக ரிஷார் கோபான்ஸும் ஸ்டான் நியூமனும் 1990களில் தொடங்கிய ‘ஆர்கிடெக்சர்ஸ்’ தொடர் இந்த வாய்பாட்டுக்குள் அடங்காதது. ஒரு பகுதிக்கு ஒரே கட்டடம், ஏறத்தாழ 26 நிமிடம்; மாதிரியுருவைப் பிரித்துப் பிரித்துக் காட்டி, எது எதைத் தாங்குகிறது என்று நிதானமாக விளக்குவார்கள்.

இந்த நிதானத்துக்கென்றே கட்டியதுபோன்றது பாரிஸின் கலை, பண்பாட்டு மையமான பாம்பிடு மையம். ரென்சோ பியானோவும் ரிச்சர்ட் ரோஜர்ஸும் வடிவமைத்து 1977இல் திறக்கப்பட்ட அதன் வெளிச்சுவரில் ஓடும் காற்று, நீர், மின்சாரத்துக்கான வண்ணக் குழாய்களைத்தான் எல்லோரும் படமெடுக்கிறார்கள். 48 மீட்டர் அகலக் கூடம் நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் எப்படி நிற்கிறது என்பதல்லவா கேட்கவேண்டிய கேள்வி? ‘கெர்பரெட்’ எனப்படும் வார்ப்பெஃகுக் கைகள் துலாக்கோல்போல் தூணில் கோக்கப்பட்டிருக்கின்றன. உள்முனையைத் தளத்தின் உத்தரம் அழுத்த, வெளிமுனையை இழுகம்பி கீழே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது.

என் மனக்குறை வேறு. குழாய்களை வெளியே வைத்தால் உள்ளே இடம் மிஞ்சும் என்பது சரிதான், ஆனால் மழையும் வெயிலும் அவற்றின் மேல்தான் விழும். திறந்து இருபதே ஆண்டுகளில், 1997இல், அந்த மையம் புதுப்பிப்புக்காக மூடப்பட்டது. கல்நார் அகற்றம் உள்ளிட்ட பெரும்பணிகளுக்காக 2025இல் மறுபடியும் மூடப்பட்டிருக்கிறது. பாம்பிடு மட்டுமல்ல: அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் வடிவமைத்து 1939இல் திறக்கப்பட்ட ஜான்சன் நிறுவன அலுவலகத்தின் தூண், 1937 சோதனையில் 12 டன் தாங்கினால் போதும் என்ற நிலையில் 60 டன் தாங்கியது. அதே கட்டடத்தின் கூரைக் கண்ணாடிக் குழாய்களோ மழைக்கு ஒழுகின. நவீனக் கட்டடக்கலையின் வரலாறு வரைபடத்தில் எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவு இந்தப் பராமரிப்புக் கணக்கிலும் இருக்கிறது. ஒருமுறை படம்பிடித்துவிட்டுப் போகும் தொடருக்கு, அது எவ்வளவு நல்ல தொடராக இருந்தாலும், இந்தப் பாதி எட்டுவதில்லை.

பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ழான் நூவெல் 1987இல் பிரான்ஸின் நீம் நகரில் முடித்த நெமாசஸ் குடியிருப்பின் உட்சுவர்களை வெறும் கான்கிரீட்டாகவே விட்டார். அவற்றை மூடக்கூடாது என்பது அவர் விருப்பம். வாழ்பவர்களுக்கும் விருப்பங்கள் உண்டு. அந்த 114 வீடுகளில் இன்று எத்தனை சுவர்கள் வண்ணம் பூசப்படாமல் மிஞ்சியிருக்கின்றன என்று கதவைத் தட்டிக் கேட்கும் ஒரு பகுதியை எடுத்தால், முதல் ஆளாக உட்கார்ந்து பார்ப்பேன்.